சின்ன இஞ்சின்

அவனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. மின்சாரக் கட்டண ரசீதைத் தவிர வேறெங்கும் அது வேலை செய்ததில்லை. லாரிக்காரர்கள், ஆட்டோக்காரர்கள், பக்கத்து வெல்டிங் பட்டறைக்காரர்கள், எல்லோருக்கும் அவன் காதுதான். "காது இருக்காரா?" என்று கேட்டுக்கொண்டுதான் வண்டியைப் பட்டறைக்குள் தள்ளுவார்கள்.

மற்ற மெக்கானிக்குகள் வண்டி வந்ததும் ஸ்பானரை எடுப்பார்கள். காது ஒரு நீளத் திருப்புளியை எடுப்பான். ஓடுகிற இஞ்சினில் அதன் நுனியை ஊன்றி, மரப்பிடியை வலது காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வான். கீழுதடு தானாக மடிந்து பல்லுக்குள் போய்விடும். பார்க்கிறவர்களுக்கு அவன் ஏதோ தெய்வத்தோடு டெலிபோனில் பேசுவது போலவும், லைன் சரியில்லாதது போலவும் இருக்கும். பிறகு கண்ணைத் திறந்து, "ரெண்டாவதுல டேப்பெட் லூஸு" என்றோ "பேரிங் போகுது, ஆனா இன்னும் போகல" என்றோ சொல்வான். அநேகமாகச் சரியாகவே இருக்கும். தப்பான தடவைகளை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. பேர் வாங்கிவிட்டவனுக்கு அது ஒரு வசதி.

அவனுக்கு ஒரு கொள்கையும் இருந்தது. "முடிஞ்ச வரைக்கும் பிரிக்காதீங்க. ஒரு தடவை பிரிச்ச இஞ்சின் பிரிக்காத இஞ்சின் ஆகவே ஆகாது." எதையும் பிரித்துப் போட்டுவிட்டு, மாட்டி முடித்த பிறகு கையில் மீந்த இரண்டு திருகாணிகளை யோசனையோடு பார்த்துக்கொண்டு நிற்கிற மெக்கானிக்குகளுக்கு நடுவே, இந்தப் பேச்சு வண்டிக்காரர்களுக்குத் தேனாக இனித்தது.

பட்டறைக்குப் பின்னாலேயே வீடு. தகரக் கூரை, ஒரு அறை, ஒரு சமையலறை. பட்டறையின் எண்ணெய் வாசமும் சமையலறையின் வெங்காய வாசமும் நடுச்சுவரில் சந்தித்துச் சமாதானமாகிவிட்டிருந்தன. மனைவி துணி தைக்கிற ஆலையில் காலர் வரிசையில் இருந்தாள். காலரைத் தவிர சட்டையின் வேறெந்தப் பகுதியையும் அவள் தைத்ததில்லை. ஆனால் அந்த வரிசையில் அவளை மிஞ்ச ஆளில்லை. அவர்களுக்கு மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. பேர் என்னவாக இருந்தால் என்ன, தெருவே அவளை வாலு என்றுதான் கூப்பிட்டது. வாலு நடந்து யாரும் பார்த்ததில்லை. தவழ்ந்தாள், அடுத்து ஓடினாள். நடுவில் வரவேண்டிய பாடத்தைப் படிக்காமல் தாண்டிவிட்டாள்.

வம்பு ஒரு மழை நாளில் வந்தது. மத்தியானத்திலிருந்து கொட்டிக்கொண்டிருந்தது. கரண்டு இல்லை, வண்டி இல்லை. காது பெஞ்சில் மல்லாந்து கிடந்தான். ஆலைக்கு விடுமுறை என்பதால் மனைவி உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தாள். வாலு பட்டறையைச் சுற்றிச் சுற்றி ஓடி, கடைசிச் சுற்றில் கால் வழுக்கி, அவன் தலைமேலேயே வந்து விழுந்தாள். அவள் நெஞ்சு சரியாக அவன் வலது காதில் அழுந்தியது.

ஊரிலிருக்கிற இஞ்சினையெல்லாம் கேட்டவன், பெற்ற பிள்ளையின் நெஞ்சை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டான்.

"ஏய், அசையாதே. அசையாதேங்கறேன்ல."

"கூசுதுப்பா!"

நெஞ்சு இவ்வளவு வேகமாக அடிப்பது ஓடி வந்ததால் இருக்கும் என்று கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்தான். பெட்ரோல் டியூபில் ஒரு துண்டு வெட்டி, எண்ணெய் ஊற்றுகிற சின்னப் புனலை அதில் செருகி, புனலை அவள் நெஞ்சிலும் டியூபைத் தன் காதிலும் வைத்தான். குறையவில்லை. புனலைத் தன் நெஞ்சுக்கு மாற்றினான். அங்கே இஞ்சின் நிதானமாக, கிழட்டு லாரி மாதிரி, டப்பு... டப்பு என்று நின்று நிதானித்து ஓடியது. மறுபடி அவள் நெஞ்சு. டப்டப்டப்டப். அதைவிட மோசமாக இன்னொன்றும் கேட்டது. ஓட்டம் ஒரே சீராக இல்லை. கொஞ்சம் ஏறியது, கொஞ்சம் இறங்கியது, மறுபடி ஏறியது.

அவன் தொழிலில் இதற்கு ஒரே அர்த்தம்தான். நின்ற இடத்தில் ஓடுகிற ஐடிலிங் வேகம் ஜாஸ்தி, போதாததற்கு நடுநடுவே அடி தவறி மிஸ் வேறு அடிக்கிறது. இப்படி ஓடுகிற இஞ்சின் ஒருநாள் ஏறுமேட்டில், ஆள் நடமாட்டமில்லாத இடமாகப் பார்த்து, நின்றுவிடும்.

மழை விட்டதும் அவன் சமையலறை வாசலில் வந்து நின்றான். மனைவி அவித்த முட்டைக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தாள்.

"இந்தா, உன் தம்பிக்கு எப்ப ஆரம்பிச்சுது?"

அவள் கை நின்றது. "இப்ப எதுக்கு அவன் பேச்சு?"

"கேட்டதுக்குச் சொல்லு."

"பதினஞ்சு பதினாறு வயசுல மாடிப்படி ஏறினா மூச்சு வாங்கும். அப்புறம்தான் வால்வு கெட்டுப்போச்சுன்னாங்க. நெஞ்சைப் பிரிச்சுப் பாத்தாங்க. வந்தான், படுத்தான், போய்ட்டான். உங்களுக்குத் தெரியாததா? பாடையில ஒரு பக்கம் நீங்கதானே தூக்கினீங்க."

"வாலுவுக்கும் இருக்கு."

"என்ன இருக்கு?"

"கேட்டேன். ரேஸ் ஆகுது. மிஸ்ஸும் அடிக்குது. வந்து நீயே கேளு."

அவள் முட்டைக் கையோடு வந்து டியூபைக் காதில் வைத்தாள். தன் நெஞ்சைக் கேட்டாள், பிள்ளை நெஞ்சைக் கேட்டாள். ஒப்பிட அவளுக்கும் அந்த வீட்டிலிருந்த இரண்டு பெரிய நெஞ்சுகளைத் தவிர வேறு ஆதாரமில்லை. உட்கார்ந்துவிட்டாள்.

"டாக்டர்கிட்ட காட்டிடலாங்க."

"காட்டினா? பிரிக்கணும்பான். உன் தம்பியப் பிரிச்சாங்களே, என்னாச்சு?"

தம்பி ஆஸ்பத்திரிக்குள் நடந்து போனதையும் திரும்பி வந்த விதத்தையும் பார்த்தவள் அவள். அந்த இடத்தில் காது வாயை மூடியிருக்கலாம். இஞ்சினைக் கேட்கும்போது மட்டும் மூடத் தெரிந்த வாய் அது.

"எங்க வீட்டுல எல்லாருக்கும் கல்லு மாதிரி நெஞ்சு. எங்கப்பன் சாகற அன்னிக்கும் சைக்கிள் மிதிச்சான். உங்க வீட்டுப் பழுதை எம்புள்ளைக்கு ஏத்திவிட்டுட்டே."

அவள் உரித்த முட்டையைத் தட்டில் வைத்தாள், பக்கத்தில் சோறு வைத்தாள், தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனாள். அந்த முட்டையை அவன் சாப்பிடவும் செய்தான்.

மறுநாளிலிருந்து வாலுவுக்கு ஓடத் தடை. பட்டறைத் தொழிலில் சூடான வண்டியை என்ன செய்வார்களோ அதையே பிள்ளைக்கும் செய்தான். ஓரமாக நிறுத்துவது, ஆறவிடுவது. அவள் எழுந்து நாலடி வைத்தால், "ஆறட்டும்டா, ஆறட்டும், உக்காரு" என்பான். படியேறினால் தூக்கிக்கொண்டான். சிரித்து உருண்டால் சிரிப்பையும் ஆற வைத்தான். விளையாட வாஷர்களும் நட்டுகளும் ஒரு டப்பா நிறையக் கொடுத்தான். வாசலில் கிடந்த பழைய லாரி டயர் அவளுக்கு இருக்கையானது. காலையிலும் சாயங்காலமும் புனலை வைத்துக் கேட்டான். ஒவ்வொரு தடவையும் அதே ஓட்டம்தான்.

முதலில் அவள் அழுதாள். பிறகு அடம்பிடித்தாள். பிறகு கற்றுக்கொண்டாள். மூன்று வயதுப் பிள்ளைகள் நாம் சொல்வதைக் கேட்பதில்லை என்று எல்லோரும் குறைபட்டுக்கொள்கிறார்கள். கேட்டுவிட்டால் எவ்வளவு பயங்கரம் என்பது அந்த வீட்டில் தெரிந்தது. ஒரு கட்டத்தில் அவன் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல், எழுந்து நின்ற வாலு, உள்ளங்கையை நெஞ்சில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஆறட்டும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு உட்கார்ந்தாள்.

மனைவி ஆலை வேலையை விட்டுவிட்டாள். மேற்பார்வைக்காரி வீடு தேடி வந்து, "உன் இடத்துல போட்ட பொண்ணு தைக்கிற காலரு ஆட்டுக்காது மாதிரி இருக்கு, வந்துடுடி" என்று கெஞ்சினாள். "எம்புள்ளைக்கு நெஞ்சு சரியில்லக்கா" என்றாள் இவள். வேறு யாரிடமும் அதைச் சொல்லவில்லை. இரக்கப்பட்டு நாலு பேர் வந்து நின்றால் பிள்ளை பயந்துவிடும் என்று. கணவனிடம் தேவைக்கு மட்டும் பேசினாள். உப்பு தீர்ந்தது, தகரம் ஒழுகுது, பிள்ளை தூங்கிட்டா. அவ்வளவுதான். தம்பியின் படம் சமையலறைச் சுவரில் இருந்தது. அதை ஒருநாள் கழற்றி, துணிப் பெட்டிக்குள் குப்புறப் போட்டாள். காது பார்த்தான். பட்டறைக்குத் திரும்பிப் போனான்.

மழைக்காலம் போய் வெயில் வந்தது. தகரத்தின் கீழ் உட்கார்ந்தாலே வேர்த்து ஊற்றுகிற வெயில். அப்படி ஒரு காலையில் எதிர்வீட்டு லாரி டிரைவர் வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான். இடுப்பில் நான்கு வயது மகன், உருண்டை. பேருக்கு ஏற்ற பிள்ளை.

"யோவ் காது, என்னமோ கட்டுக்கட்டுங்குதுய்யா. கேளு."

காது திருப்புளியை ஊன்றிக் கேட்டான். "பம்ப்புல சத்தம். பயப்பட ஒண்ணுமில்ல. பிரிக்காதே."

"நீ சொன்னா சரி." டிரைவர் டயரில் உட்கார்ந்திருந்த வாலுவைப் பார்த்தான். பக்கத்தில் கிடந்த புனலையும் டியூபையும் பார்த்தான். "இது என்னய்யா, பாப்பாவோட பொம்மையா?"

"நெஞ்சு கேக்கறது."

"அட! ஆளுக்கும் பாக்கறியா? சொல்லவே இல்ல. இந்தா, இவனுக்கும் ஒரு சர்வீஸ் பண்ணு. ராத்திரி பூரா குறட்டை, சைலன்சர் போயிருக்கான்னு பாரு."

விளையாட்டுக்குத்தான் பிள்ளையை நீட்டினான். காது விளையாட்டாகப் புனலை வைக்கவில்லை. கண்ணை மூடினான். கீழுதடு உள்ளே போனது. வெளியே வரவில்லை.

"என்னய்யா?"

காது டியூபை மாற்றிப் பிடித்து இன்னொரு தடவை கேட்டான்.

"யோவ், சொல்லித் தொலையேன்."

"இவனுக்கும் இருக்கு," என்றான் காது. "அதே ரேஸு. அதே மிஸ்ஸு."

இரண்டு பிள்ளைகள், இரண்டு நெஞ்சு, ஒரே சத்தம். சாதாரண மனுஷனுக்கு இந்த இடத்தில் ஒரு சந்தேகம் தட்டியிருக்கும். காதுக்குத் தட்டவில்லை. தெருவில் ஏதோ தொற்று பரவுகிறது, குடிதண்ணீராக இருக்கலாம் என்றுதான் அவன் புத்தி போனது. தன் காதைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் ஊர்த்தண்ணீரையே சந்தேகப்படுகிற அளவுக்கு அவனுக்குப் பேர் இருந்தது.

டிரைவர் முகம் வெளுத்துப்போயிற்று. லாரி இஞ்சினுக்குக் காது பிரிக்காதே என்றால் பிரிக்காதவன், பிள்ளை விஷயத்தில் அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உருண்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, சாவியைக்கூட எடுக்காமல் ஆஸ்பத்திரிப் பக்கம் ஓடினான்.

திரும்பி வரும்போது ஓடவில்லை. கையை வீசிக்கொண்டு வந்தான். உருண்டை வாயில் ஒரு மிட்டாய்.

"யோவ் காது! வெளிய வாய்யா. உன் காதுல ஈயத்தைக் காய்ச்சி ஊத்த!"

காது வந்தான். பின்னாலேயே, ஈரக்கையைத் துடைத்தபடி மனைவியும் வந்தாள்.

"டாக்டரம்மா கேட்டுச்சு, யாரு சொன்னது நெஞ்சு கெட்டிருக்குன்னு. மெக்கானிக்குன்னேன். என்ன மெக்கானிக்குன்னுச்சு. லாரி மெக்கானிக்குன்னேன். அங்க இருந்த நர்ஸுங்க எல்லாம் சிரிக்குதுய்யா! சின்னப் புள்ளைங்களுக்கு நெஞ்சு அப்படித்தான் அடிக்குமாம். எல்லாப் புள்ளைக்கும். உனக்கும் எனக்கும் கூட அந்த வயசுல அப்படித்தான் அடிச்சிருக்குமாம். வழியில என் உசுரு போய்த் திரும்பி வந்துதுய்யா, பாவி..."

அவன் இன்னும் என்னென்னவோ திட்டினான். நடுவில் நிறுத்திவிட்டான். காதுவின் மனைவி கேட்டுக்கொண்டிருந்த விதம் அவனுக்குச் சரியாகப் படவில்லை.

"எல்லாப் புள்ளைக்குமா அண்ணே?" என்றாள்.

"ஆமாம்மா. அப்படித்தான் சொல்லுச்சு."

அவள் வாலுவைத் தூக்கினாள். செருப்புகூடப் போடவில்லை. அந்த வெயிலில் முன்னால் அவள் நடக்க, தவறு செய்த மாணவன் தலைமையாசிரியர் அறைக்குப் போவது போலக் காது பின்னால் போனான்.

டாக்டரம்மா வாலுவை மடியிலேயே வைத்துக் கேட்டாள். உதடு, நகம், காது மடல் எல்லாம் பார்த்தாள். நெஞ்சுக்கு ஒரு ஸ்கேன் படமும் எடுத்துப் பார்த்தாள். பிறகு காதுவைப் பார்த்து, "நீங்கதான் அந்த மெக்கானிக்கா?" என்றாள்.

அவன் தலையாட்டினான்.

"பிறந்த குழந்தைக்கு நிமிஷத்துக்கு நூத்தி நாப்பது அடிச்சாக்கூட சாதாரணம். இவ வயசுல சும்மா இருக்கும்போதே நூறு, நூத்திப் பத்து. ஓடினா, அழுதா, காய்ச்சல் வந்தா இன்னும் ஏறும். தூங்கினா இறங்கும். வளர வளரக் குறைஞ்சு, பெரியவங்களானதும் எழுபது எம்பதுல நிக்கும். உங்க நெஞ்சோட இவ நெஞ்சை ஒப்பிட்டா எப்படிங்க?"

"மிஸ் அடிச்சுதுங்களே."

"என்ன அடிச்சுது?"

"ஏறி இறங்கிச்சு. ஒரே சீரா இல்ல."

"மூச்சை இழுத்தா கொஞ்சம் ஏறும், விட்டா இறங்கும். பிள்ளைகளுக்கு அது இருக்கணும். நல்லதுதான். சும்மா உக்காந்திருக்கும்போதே மூச்சு வாங்குதா, உதடு நீலமாகுதா, மயக்கம் போடுதா, சாப்பிட முடியாம வேர்க்குதா, அப்ப தூக்கிட்டு வரணும். இதுல ஒண்ணாச்சும் இருந்துச்சா?"

"இல்லைங்க," என்றாள் மனைவி. பிறகு, "என் தம்பி வால்வு கெட்டுச் செத்தாங்க. அது இவளுக்கு..." என்று நிறுத்தினாள்.

டாக்டரம்மா தம்பியின் கதையைக் கேட்டாள். சின்ன வயதில் அடிக்கடி தொண்டை வீங்கிக் காய்ச்சல் வந்ததா, முட்டி வீங்கியதா என்று கேட்டாள். ஆமாம், ஆமாம் என்றாள் இவள்.

"அந்தக் காய்ச்சல்தான் வால்வைக் கெடுத்திருக்கும். அது பிறவியில வர்றதில்ல. நீங்க பிள்ளைக்கு எதையும் குடுக்கலம்மா."

சின்ன உடம்பு, சின்ன இருதயம், ஒரு அடிக்குக் கொஞ்சம்தான் ரத்தம் தள்ளும், அதனால் நிறைய அடிக்க வேண்டியிருக்கிறது என்று அவனுக்குப் புரிய வைக்கப் பார்த்தாள். புரியவைக்க ஒன்றுமில்லை. சின்ன இஞ்சின் வேகமாகச் சுற்றும், பெரிய இஞ்சின் மெதுவாகச் சுற்றும். லாரியின் ஐடிலிங்கை ஸ்கூட்டரிடம் எதிர்பார்க்கிறவனைப் பட்டறைக்குள்ளேயே விடமாட்டான் காது. நாள்தோறும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திக் கேட்கிறவன். தெரியாத விஷயத்தில் தப்பு செய்தவனுக்காவது சொல்லிக்கொள்ள ஒரு சமாதானம் இருக்கும்.

திரும்பி வருகிற வழியில் அவன் பேச்சைத் தொடங்கிப் பார்த்தான்.

"நல்லதாப் போச்சு. ஒண்ணுமில்லன்னுட்டாங்கல்ல."

அவள் நடந்தாள்.

"நாளைக்கே நீ ஆலைக்குப் போகலாம். அந்தக் காலரு அக்காகிட்ட நானே வந்து சொல்றேன்."

அவள் நின்றாள். வாலு அவள் தோளில் தூங்கிவிட்டிருந்தாள்.

"இத்தனை மாசமா நான் என் தம்பிமேல கோவமா இருந்தேங்க. செத்தவன்மேல. ஏன்டா, நீ போறதுதான் போனே, இதை எம்புள்ளைக்கு விட்டுட்டுப் போனியேன்னு. படத்தைக் குப்புறப் போட்டேன். ஒருநாள் அவனைக் கெட்ட வார்த்தையில திட்டினேன். இப்ப நான் அவன்கிட்ட எப்படிங்க மன்னிப்பு கேக்கறது? சொல்லுங்க. உங்க டியூபை வச்சா?"

"தெரியாமச் சொல்லிட்டேன்."

"தெரியாததெல்லாம் உங்களுக்கு ஏது? நீங்கதான் காதாச்சே."

வீடு வந்ததும் துணிப் பெட்டியைத் திறந்து, படத்தை எடுத்து, முந்தானையால் துடைத்து, பழைய ஆணியில் மாட்டினாள். கொஞ்ச நேரம் அதன் எதிரே நின்றாள். பிறகு பாத்திரம் கழுவப் போனாள்.

சாயங்காலம் வெயில் இறங்கியதும் காது வாலுவை வாசலுக்குக் கூட்டி வந்தான். டிரைவரின் லாரி அங்கேயே நின்றது. டிரைவர் படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். உருண்டை லாரியைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தான்.

"வாலு, நீயும் ஓடு. உருண்டையப் பிடி பாப்போம்."

வாலு அவனைப் பார்த்தாள்.

"ஓடலாம்டா. டாக்டரம்மா சொன்னாங்கல்ல, உனக்கு ஒண்ணுமே இல்லன்னு."

அவள் கொஞ்ச தூரம் நடந்தாள். நின்று உள்ளங்கையை நெஞ்சில் வைத்தாள். திரும்பி வந்து டயரில் ஏறி உட்கார்ந்தாள்.

"ஆறட்டும்பா."

"ஆற வேணாம்டா. அது சும்மா. அப்பா சும்மா சொன்னேன். இங்க பாரு, அப்பா ஓடறேன்."

ஓடினான். எந்த வயதில் கடைசியாக ஓடினோம் என்பதே அவனுக்கு ஞாபகமில்லை. ஒரு செருப்பு லாரிக்கு இந்தப் பக்கமும் இன்னொன்று அந்தப் பக்கமும் கழன்று கிடந்தன. உருண்டை சிரித்துக்கொண்டே துரத்தினான். டிரைவர் டம்ளரை வைத்துவிட்டு விசிலடித்தான். "டாப் கியர் போடுய்யா காது!" என்றான். இரண்டு சுற்று முடித்துக் காது டயருக்கு முன்னால் வந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றான். மூச்சு புஸ்புஸ் என்று வாங்கியது.

"பாத்தியா? அப்பாவுக்கு... ஒண்ணும்... ஆகல பாரு."

வாலு சிரிக்கவில்லை. டயரிலிருந்து மெதுவாக இறங்கி உள்ளே போனாள். புனலையும் டியூபையும் எடுத்துக்கொண்டு, ஓடாமல், நடந்து வந்தாள். புனலை அவன் சட்டைமேல் வைத்து அழுத்தினாள். டியூபின் மறுமுனையை வலது காதில் வைத்துக்கொண்டாள். கண்ணை மூடினாள். கீழுதட்டை மடித்துப் பல்லுக்குள் வைத்துக்கொண்டாள்.

டிரைவரின் விசில் பாதியில் நின்றது.

"ரொம்ப ஓடுதுப்பா," என்றாள். "மிஸ்ஸும் அடிக்குது. உக்காரு."

டயரில் ஒரு ஓரமாக நகர்ந்து அவனுக்கு இடம் விட்டாள். அவன் வீட்டு வாசலைப் பார்த்தான். மனைவி கையில் ஈரப் பாத்திரத்தோடு நின்றிருந்தாள். எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். ஏதாவது சொல்வாள், திட்டவாவது செய்வாள் என்று பார்த்தான். அவள் உள்ளே போய்விட்டாள்.

காது டயரில் உட்கார்ந்தான். வாலு அவன் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். உருண்டை ஓடிக்கொண்டே இருந்தான், யாரும் துரத்தாமலேயே. இவர்கள் இரண்டு பேரும் ஆறட்டும் என்று காத்திருந்தார்கள்.